தேர் அளந்த தெருக்கள்: மதுரை நகரச் சாலைகளின் கதை

மதுரையில் சித்திரைத் தேர் மாசி வீதியில்தான் ஓடும். முதல் முறை கேட்கும் வெளியூர்க்காரர் குழம்பிப்போவார். கோயில் மதிலை ஒட்டியே சித்திரை வீதி இருக்கும்போது, அதை விட்டு இரண்டு சுற்று தள்ளிப்போய்த் தேர் ஓடுவானேன் என்பார். மீனாட்சி கல்யாணம் முன்பு மாசியில் நடந்தது. திருமலை நாயக்கர் (1623–1659) அதைச் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு சேர்த்தார். மாதம் மாறினாலும் வீதி மாறவில்லை என்பது ஊரார் சொல்லும் விளக்கம். சாலைகளைப் பற்றிய கட்டுரையில் இதற்கென்ன வேலை என்று கேட்கலாம். விழாவை ஓர் அரசாணையால் மாற்றிவிடலாம். தேர் திரும்புகிற அகலமுள்ள தெருவை அப்படி மாற்றிவிட முடியாது. மதுரையின் சாலை நிர்வாகம் இன்றுவரை இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வருகிறது.

சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த இந்த ஊரின் திட்டம் விசுவநாத நாயக்கர் காலத்தது (1529–1564) என்று சொல்வது மரபு. கோயிலுக்குள் ஆடி வீதி, மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதற்கடுத்து ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி. ஒவ்வொன்றுக்கும் கீழ, தெற்கு, மேல, வடக்கு என்று நான்கு பக்கம். இவற்றைச் சுற்றி 72 கொத்தளங்களோடு இரட்டை மதில் கோட்டை. அன்றைக்கு நகராட்சியும் கிடையாது, பொறியியல் பிரிவும் கிடையாது. ஆனால் வீதிக்கு விட்டுக்கொடுக்காத ஒரு உரிமைக்காரர் இருந்தார். சாமி புறப்பாடு வரும் தெருவில் திண்ணையை ஒரு முழம் நீட்டிக் கட்டியவர், தேர் வரும்போது பதில் சொல்லியாக வேண்டும். அச்சும் சக்கரமும் வடம் பிடிக்கும் கூட்டமும் போக இடம் இருக்கிறதா என்று ஆண்டுக்கொரு முறை பார்த்துவிடுவார்கள். அதைவிடக் கறாரான ஆய்வாளர் எந்த நகராட்சிக்கும் இதுவரை வாய்த்ததில்லை.

மதுரைத் தெருக்களில் பெரிய அளவில் கைவைத்த முதல் அரசு அதிகாரி என்று கலெக்டர் ஜான் பிளாக்பர்னைச் சொல்ல வேண்டும். 1801-ல் மதுரை கம்பெனியின் கைக்கு வந்த பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோட்டையும் அகழியும் அப்படியே கிடந்தன. மதிலுக்குப் பாதுகாப்பு வேலை போய்விட்டது. தேங்கிய அகழித் தண்ணீர் ஊருக்கு நோயைத்தான் கொடுத்தது. உள்ளே ஜனம் நெருக்கியடித்தது. 1834 முதல் 1847 வரை இங்கே கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், 1837-ல் இடிக்கும் வேலையைத் தொடங்கினார். அதற்கு அவர் அரசுப் பணத்தைக் கொட்டவில்லை. மதிலையும் அகழியையும் மனைமனையாகக் குறித்தார். தனக்கு ஒதுக்கிய பகுதியில் மதிலை இடித்து, அந்த மண்ணாலேயே அகழியைத் தூர்த்துச் சமப்படுத்துகிறவருக்கு அந்த மனை சொந்தம் என்றார். ஜனங்கள் மண்வெட்டியும் கூடையுமாக வந்துவிட்டார்கள்.

அப்படிக் கிடைத்த நிலத்தில் மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவே புதிய தெருக்கள் எழுந்தன. அளந்து கொடுத்த மாரட்டின் பெயரில் மாரட் வீதி. வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. கலெக்டர் பெயரில் ஒரு தெருவும் இல்லை; அவருக்கு ஊரார் எழுப்பியது ஒரு விளக்கு. திருமலை நாயக்கர் மஹாலுக்குப் பக்கத்தில் நிற்கும் விளக்குத்தூண் அதுதான். சாலை போட்ட மேஸ்திரியின் பெயர் இருநூறு ஆண்டை நெருங்கியும் தெருப்பலகையில் நிற்கும் ஊர்கள் அதிகம் இருக்காது. மதுரைக்காரர்கள் அந்தப் பெயரை மாற்றச் சொல்லிக் கேட்டதும் இல்லை. இடிபடாமல் மிஞ்சிய கோட்டை வாசல் ஒன்று கீழவாசல் பக்கம் விட்டவாசல் என்ற பெயரோடு இன்னும் நிற்கிறது. லாரிகள் அதை உரசாமல் போவது அவரவர் சாமர்த்தியம்.

1865-ஆம் ஆண்டின் நகர முன்னேற்றச் சட்டத்தின்படி 1866-ல் மதுரை நகராட்சி பிறந்தது. பிறகு 1871, 1884, 1920 என்று சட்டங்கள் வந்தன; ஒவ்வொன்றும் அதிகாரத்தைக் கொஞ்சம் கூட்டியது, வேலையை நிறையக் கூட்டியது. அந்தச் சட்டப் பிரிவுகளை இங்கே அடுக்கப்போவதில்லை. சாலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தாலே போதும்.

அக்கால நகராட்சிகளுக்கு வீட்டு வரி ஒரு கை என்றால், சுங்கம் இன்னொரு கை. ஊர் எல்லையில் சுங்கச்சாவடி இருக்கும். பாரவண்டி, குதிரை வண்டி, பொதிமாடு எல்லாம் காசு கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரும். எந்தச் சக்கரம் சாலையைத் தேய்த்ததோ அதுவே பழுது பார்க்கவும் கொடுத்தது. மோட்டார் வந்ததும் இந்தக் கணக்கு கலைந்தது. சாவடிக்குச் சாவடி பஸ்ஸை நிறுத்திக் காசு கேட்பது நடவாத காரியமானது. 1931-ல் சென்னை மாகாண மோட்டார் வாகன வரிச் சட்டம் உள்ளூர்ச் சுங்கங்களை ஒழித்து, வரியை மாகாண அரசின் கையில் சேர்த்தது. நகராட்சிகளுக்கு ஈட்டுத்தொகை என்று ஒன்று கிடைத்தது. வண்டிக்காரர்களுக்கு நிம்மதி. ஆனால் அன்றிலிருந்து சாலையைப் பராமரிப்பது ஓர் அலுவலகம், அதன் மேல் ஓடும் வண்டிக்கு வரி வாங்குவது வேறோர் அலுவலகம் என்றாகிவிட்டது. உள்ளாட்சிகள் சாலைக்காக மானியம் கேட்டுச் சென்னைக் கோட்டைக்கு நடக்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இதற்குள் ஊரின் நடை திசைமாறியிருந்தது. 1875-ல் ரயில் வந்து மேல வெளி வீதியை ஊரின் முகமாக்கியது. ஸ்டேஷனில் இறங்கியவர் நேரே கோயிலுக்கு நடக்கும் டவுன்ஹால் ரோடு கடைத்தெருவானது. 1880-களில் வைகைக்குக் குறுக்கே ஆல்பர்ட் விக்டர் பாலம் எழுந்து, கோரிப்பாளையமும் தல்லாகுளமும் நகரத்தோடு ஒட்டிக்கொண்டன. 1920-களில் பாதாளச் சாக்கடை வந்தது. தெரு என்பது மேலே தெரிகிற பரப்பு மட்டும் என்ற நிலை அத்தோடு முடிந்தது. கீழே குழாய், மேலே கம்பி, நடுவே தார் என்று மூன்றடுக்காக அது மாறியது. கீழடுக்கில் எந்த வேலை வந்தாலும் நடு அடுக்கை வெட்டித்தான் ஆக வேண்டும்.

மேஸ்திரிகள் அறிந்த ஒன்றைப் படித்தவர்களும் தெரிந்துகொள்வது நல்லது. தார்ச்சாலையை லாரி கெடுப்பதைவிடத் தண்ணீர்தான் அதிகம் கெடுக்கிறது. முதலில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். மழைத் தண்ணீர் அதில் இறங்கி ஜல்லிக்கும் தாருக்கும் உள்ள பிடிப்பைத் தளர்த்தும். மேலே சக்கரம் ஏறும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் அழுத்தப்பட்டுப் பீறிடும். பீறிடும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு வரும். இரண்டு மழைக்குள் கீறல் பள்ளமாகிவிடும். அதனால்தான் சாலையை நடுவில் உயர்த்தி இருபுறமும் சரித்துப் போடுகிறார்கள். ஓரத்தில் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் எத்தனை கோடியில் போட்ட சாலையும் நிற்காது. பேட்ச் போடுவதற்கும் முறை உண்டு. பள்ளத்தைச் சதுரமாக, ஓரம் செங்குத்தாக நிற்கும்படி வெட்ட வேண்டும். மண்ணையும் தூசியையும் கூட்டித் துடைத்து, சூடான தாரை மெல்லத் தடவி, அதன் மேல் கலவையைக் கொட்டி, ரோலர் ஏற்ற வேண்டும். ஈரப் பள்ளத்தில் கலவையைக் கொட்டி மண்வெட்டியின் பின்புறத்தால் நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போனால், அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே பள்ளம் வந்து நிற்கும். ஒப்பந்தப்புள்ளியில் இரண்டுமே ஒரே பெயரில்தான் எழுதப்பட்டிருக்கும்.

1971 மே 1-ஆம் தேதி மதுரை மாநகராட்சியானது. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்து அந்தத் தகுதி பெற்றது இந்த ஊர்தான். முதல் மேயர் எஸ். முத்து, ஊருக்கு அவர் இன்றைக்கும் மேயர் முத்துதான். 1981 ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு இங்கே நடந்தபோது நுழைவுச் சாலைகளில் தோரண வாயில்கள் எழுந்தன. மாநாட்டுக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்த வாயில்கள், வாகனங்கள் பெருகியதும் சாலைக்குத் தடையாகிப்போயின. மாட்டுத்தாவணியில் இருந்த நக்கீரர் வாயிலை 2025-ல் இடித்தார்கள். அந்த வேலையில் பொக்லைன் ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். அலங்காரத்துக்காகச் சாலையின் குறுக்கே கட்டுகிற எதற்கும் ஒருநாள் இப்படிக் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கும்.

1999-ல் மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் திறந்ததுதான் அண்மைக்காலத்தில் உள்நகரச் சாலைகளுக்குக் கிடைத்த பெரிய விடுதலை. அதற்கு முன் வெளியூர்ப் பேருந்துகள் ஊருக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்த நிலையங்களைத் தேடி நகரத்தின் குறுக்கே ஓடின. அவை வெளியே போன அதே காலத்தில், உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரை 27 கிலோமீட்டர் சுற்றுச்சாலை வந்தது. இதைப் போட்டது நெடுஞ்சாலைத் துறை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, மாநகராட்சியே போட்டது. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தில் கடன் வாங்கி, சாலையில் சுங்கம் வைத்துக் கடனை அடைப்பது என்பது ஏற்பாடு. 2001-ல் 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டும் பணம் திரட்டினார்கள். கடன் பத்திரம் போட்டுச் சாலைக்குப் பணம் திரட்டிய நகரங்கள் இந்தியாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1931-ல் எடுத்த சுங்கச்சாவடி எழுபது ஆண்டு கழித்து மாநகராட்சியின் பெயரிலேயே திரும்பி வந்ததை வரலாற்றின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும். சாவடியில் நின்றவர்கள் வேறு சொற்களில் சொன்னார்கள்.

2011-ல் மாநகராட்சியின் எல்லை விரிந்தது. 52 சதுர கிலோமீட்டர் 148 ஆனது. 72 வார்டு 100 ஆனது. அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும் சில பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் உள்ளே வந்தன. மண் சாலை, பாதி போட்ட வாய்க்கால், வீட்டுமனைக்காரர் குறித்துவிட்டுப் போன இருபதடித் தெரு எல்லாம் அவற்றோடு வந்தன. சாலையின் நீளம் ஒரே நாளில் கூடியது, பொறியாளர்களின் எண்ணிக்கை அந்த விகிதத்தில் கூடவில்லை. இன்றைக்கு மதுரைக்காரர் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் மாநகராட்சி, மாநில நெடுஞ்சாலைத் துறை, தேசிய நெடுஞ்சாலை ஆணையம் என்று மூன்று பேருடைய சாலையில் போய்விடுகிறார். 2023-ல் திறந்த 7.3 கிலோமீட்டர் நத்தம் சாலை மேம்பாலம் ஆணையத்துடையது. அதிலிருந்து இறங்கிய பிறகு வருகிற பள்ளம் யாருடையது என்று புகார் எழுதும்போதுதான் தெரியவரும்.

சாலையின் உயரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதுரையின் பழைய தெருக்களில் பல வீடுகளுக்குள் இப்போது படியிறங்கிப் போக வேண்டியிருக்கிறது. கட்டியபோது மூன்று படி ஏறிப் போன வீடுகள் அவை. வீடு தாழவில்லை, பழைய தார் மேல் புதுத் தார், அதன் மேல் இன்னொரு தார் என்று தெருதான் ஏறிக்கொண்டே வந்தது. பழையதைச் சுரண்டி எடுக்க இயந்திரமும் கூலியும் வேண்டும், சுரண்டியதைக் கொட்ட இடமும் வேண்டும். மேலேயே போட்டுவிட்டால் வேலை சீக்கிரம் முடிந்து பில்லும் சீக்கிரம் வந்துவிடும். மழைத் தண்ணீர் மட்டும் வீட்டுக்குள் போய்விடும். 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்துக்குத்தான் சாலை போட வேண்டும் என்று மாநிலம் முழுக்க உத்தரவிட்டார். அதிகாரி ஒருவரின் கடிதம் இவ்வளவு வீடுகளில் பேசப்பட்டது அபூர்வம். மறு ஆண்டே, 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசிப் பதினோரு பேர் இறந்தார்கள். சாலை மட்டம் உயர்ந்திருந்ததும் அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. தெருவுக்கு அகலத்தைப் போலவே உயரமும் ஒரு கணக்கு என்பதை அந்த ஊர் உயிர் கொடுத்துச் சொன்னது.

மாசி வீதியில் அந்தக் கணக்கை ஒவ்வொரு சித்திரையிலும் போட்டுப் பார்க்கிறார்கள். திருக்கல்யாணத்துக்கு மறுநாள் காலை கீழமாசி வீதி தேரடியிலிருந்து இரண்டு தேரும் கிளம்பும். முன்னால் சுவாமியின் பெரிய தேர், பின்னால் மீனாட்சியின் சிறிய தேர். அதற்குச் சில நாட்களுக்கு முன்பே வீதி பரபரப்பாகிவிடும். குறுக்கே போகும் கேபிள்களை அவிழ்ப்பார்கள். பாதாளச் சாக்கடை மூடிகள் பாரம் தாங்குமா என்று பார்ப்பார்கள். பள்ளங்களை நிரப்புவார்கள். கடைக்காரர்கள் தகரக் கூரையை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. சக்கரத்துக்கு அருகிலேயே நடந்து வருபவர்கள் நேரம் பார்த்துச் சறுக்குக் கட்டையைப் போடுவார்கள். சக்கரம் அதில் ஏறி வழுக்கிக் கொஞ்சம் திரும்பும். மாசி வீதியின் நான்கு மூலையிலும் இப்படித்தான் அங்குலம் அங்குலமாகத் திருப்ப வேண்டும். சாலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும், ஓரக்கல் ஒன்று துருத்தியிருந்தாலும் முதலில் தெரிவது கட்டை போடுகிறவருக்குத்தான். நான்கு வீதியும் சுற்றித் தேர் நிலைக்கு வந்துவிட்டால், அந்த ஆண்டுக்கு மாசி வீதி தேறிவிட்டது என்று பொருள்.

பொலிவுறு நகரத் திட்டத்துக்கு 2016-ல் மதுரை தேர்வானபோது, மாசி வீதிகளையும் சித்திரை வீதிகளையும் எடுத்துக்கொண்டது நியாயமே. மாசி வீதியில் மின்கம்பிகளை மண்ணுக்குள் கொண்டுபோவது, மழைநீர் வடிகால், நடைபாதை எல்லாம் ஒரே வேலையாகத் திட்டமிடப்பட்டன. வேலை இழுத்தது. வெட்டிப்போட்ட வீதியில் வியாபாரிகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் மூன்று அடுக்கையும் சேர்த்துத் திட்டமிட்டது சரியான காரியம் என்றே நினைக்கிறேன். சித்திரை வீதி வாகனம் நுழையாமல் கல் பாவிய நடைவீதியாகிவிட்டது. குழந்தையின் கையை விட்டுவிட்டு நடக்கக்கூடிய பொதுத் தெரு மதுரையில் இன்று அது ஒன்றுதான் என்று சொன்னால் மிகையாகாது. வெயில் நேரத்தில் கல் சுடும். அதற்குச் சாக்கு விரிப்பதையும் தண்ணீர் தெளிப்பதையும் விட்டால் இன்னும் நல்ல வழி பிறக்கவில்லை.

இந்த ஊர் சாலை உலகத்துக்குக் கொடுத்த ஒன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். திருப்பரங்குன்றம் சாலையில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த இரா. வாசுதேவன், குப்பையில் சேரும் பிளாஸ்டிக் பையைத் துண்டு துண்டாக்கி, ஏறத்தாழ 170 டிகிரி சூட்டில் இருக்கும் ஜல்லி மேல் தூவினார். அது உருகி ஜல்லி மேல் மெல்லிய தோலாகப் படிந்துகொள்ளும். அதற்கு மேல் தார் கலந்தால் பிடிப்பு கூடும். முன்னே சொன்ன தண்ணீர் உள்ளே இறங்குவது குறையும், தாரிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மிச்சமாகும். 2000-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுப் பார்த்தார். 2006-ல் காப்புரிமை, 2018-ல் பத்மஸ்ரீ. 2015-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், பெரிய நகரங்களைச் சுற்றியுள்ள சாலைகளில் பிளாஸ்டிக் கழிவைக் கலந்தே போட வேண்டும் என்று சொன்னது. நுட்பம் பிறந்த ஊரில் எத்தனை தெருக்களில் அது இறங்கியிருக்கிறது என்று மாநகராட்சி ஒரு பட்டியல் வெளியிட்டால், பேராசிரியருக்கு அதைவிடப் பெரிய மரியாதை இருக்க முடியாது.

இனி நடைபாதை. இவ்வளவு நேரம் சாலையைப் பற்றியே பேசிவிட்டு நடைபாதையைக் கடைசியில் வைத்திருக்கிறேனே என்றால், நிர்வாகமும் இதே வரிசையில்தான் வைத்திருக்கிறது. தார் போட்டு, வாய்க்கால் கட்டி, கம்பம் நட்டு, மின்மாற்றிக்கு இடம் விட்ட பிறகு ஓரத்தில் மிஞ்சுகிற இடத்துக்கு நடைபாதை என்று பெயர். இந்தியச் சாலைக் குழுமத்தின் விதிமுறை, எந்தத் தடையும் இல்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. எதிரெதிராக இரண்டு சக்கர நாற்காலிகள் உரசாமல் கடக்கும் அகலம் அது. ஓரக்கல் 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்றும் சொல்கிறது. நம் ஊரில் பல இடங்களில் ஓரக்கல் முழங்காலை எட்டிப் பார்க்கிறது. முட்டிவலிக்காரர் அதில் ஏறி இறங்குவதைவிட பஸ்ஸோடு சேர்ந்து தார்ச்சாலையில் நடப்பதே மேல் என்று முடிவெடுத்துவிடுகிறார். அவர் விதி தெரியாதவர் அல்ல, உடம்பு தெரிந்தவர்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், வியாபாரம் செய்யும் இடத்தை நகர விற்பனைக் குழுவின் பரிந்துரைப்படி உள்ளாட்சி வரையறுக்க வேண்டும் என்கிறது. நடைபாதையில் தட்டுக்கூடை வைத்திருக்கும் அம்மாவை மட்டும் விரட்டிவிட்டு, படிக்கட்டையும் ஜெனரேட்டரையும் நீட்டி வைத்திருக்கும் பெரிய கடையைக் கண்டுகொள்ளாமல் போவது சட்டமும் இல்லை, நியாயமும் இல்லை. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பொது இடங்களில் உள்ள கட்சிக் கொடிக்கம்பங்களை அகற்றச் சொன்னது. அதே ஆண்டு மே மாதம், கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், தடையில்லாத நடைபாதை அரசமைப்புச் சட்டம் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எலும்பு முறிந்து வருபவர்களைப் பார்த்தே வயதான மருத்துவர் ஒருவர் நீதிமன்றம் போனதில் வியப்பில்லை.

என் தீர்ப்பு இது: மாசி வீதி காப்பாற்றப்பட்டது சட்டத்தால் அல்ல, தவறாமல் வந்து இடம் கேட்கிற ஒரு தேரால். நடைபாதைக்கு அப்படி ஒரு தேர் இல்லை. நடைபாதை சுருங்கும்போது இழுபடாமல் நின்றுவிடும் வடமில்லை, குரல் கொடுக்கும் கூட்டமில்லை. நடப்பவர் ஒதுங்கிச் சாலைக்கு இறங்கிவிடுகிறார், விஷயம் முடிந்துவிடுகிறது. ஆகவே அந்த ஆய்வை நிர்வாகமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சித்திரைக்கும் முன்னால், மாசி வீதிக்குச் செய்வதைப் போலவே, வார்டுக்கு ஒரு நாள் ஒதுக்கி, உதவிப் பொறியாளரும் மாமன்ற உறுப்பினரும் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அந்த வார்டின் பேருந்துச் சாலை முழுக்க நடைபாதையிலேயே போய்வர வேண்டும். எங்கே நின்றதோ அங்கே ஒரு குறி. அந்தக் குறிகளின் பட்டியலை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். இதற்குப் புதிய திட்டமும் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். சாலை வெட்டுக்கு அனுமதி கொடுக்கும்போது, வெட்டியவர் எந்த நாளுக்குள் எந்த மட்டத்துக்கு மூட வேண்டும் என்பதையும் அதே சுவரில் எழுதிவிட்டால் இன்னும் நல்லது. முல்லைப் பெரியாறு குடிநீர்க் குழாய்க்காக வெட்டிய தெருக்களில் குடியிருப்பவர்கள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நிர்வாகத்தை மட்டும் கேட்டால் போதாது. இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுக்கோ கடைக்கோ முன்னால் போய் நில்லுங்கள். வண்டி ஏற்றப் போட்ட சிமெண்ட் சரிவு தெருவுக்குள் எத்தனை அடி நீண்டிருக்கிறது என்று அளந்து பாருங்கள். உங்கள் எல்லையைத் தாண்டியிருந்தால், மாநகராட்சி ஆள் வரும்வரை காத்திராமல் நீங்களே உடைத்து எடுத்துவிடுங்கள்.